கேசட் ஆடுகிறதா? ஹப்பின் நீளத்தை அளந்து ஸ்பேசர் போடும் முறை

கடலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புதுச்சேரி வரை சைக்கிளில் போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புவது என் பல ஆண்டுப் பழக்கம். பழைய பின்சக்கரத்தின் ரிம் தேய்ந்துவிட்டதால் புதிய சக்கரம் ஒன்றை வாங்கி, என்னிடம் இருந்த 9 ஸ்பீடு கேசட்டையே (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) அதில் மாட்டித் தரும்படி ஒரு கடையில் கொடுத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில், கிருமாம்பாக்கம் தாண்டியதும், ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் 'கடக், கடக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ரெட்டிச்சாவடியில் நிழல் பார்த்து நிறுத்தி, பெரிய பல்சக்கரத்தை இரண்டு விரல்களால் பிடித்து அசைத்தபோது, பல்சக்கர அடுக்கு மொத்தமும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் மேல் பக்கவாட்டில் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும் மரை வளையமான லாக்ரிங் இம்மியும் தளரவில்லை. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டால் சரியாகிவிடும், சார்" என்றார்கள். மறுநாள் நானே முறுக்கியும் பார்த்தேன், சத்தம் போகவில்லை.

லாக்ரிங் இறுகியிருக்கும்போதே கேசட் ஆடுகிறது என்றால், லாக்ரிங் பல்சக்கரங்களை அழுத்தவில்லை, ஹப்பின் உடலில் போய் முட்டி நின்றுவிட்டது என்று பொருள். அதற்கு மேல் எவ்வளவு பலம் கொடுத்து முறுக்கினாலும் மரைதான் கெடும், கேசட் இறுகாது. அங்கே தேவைப்பட்டது கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. தடிமனுள்ள ஒரே ஒரு வளையம். நம் ஊர்க் கடைகளில் இதை வாஷர் என்பார்கள்; ஸ்பேசர் என்பது அதன் முறையான பெயர். எந்த ஸ்பேசர் வேண்டும் என்பதைக் கேசட்டில் எத்தனை கியர் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஹப்பில் கேசட் உட்காரும் இடத்தின் நீளத்தையும் கேசட்டின் வகையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது கேசட்தானா?

கடலூர், புதுச்சேரித் தெருக்களில் ஓடும் கியர் வண்டிகளில் கணிசமானவை, குறிப்பாக விலை குறைந்த 6 ஸ்பீடு, 7 ஸ்பீடு வண்டிகள், கேசட் இல்லாமல் மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீலோடு வருகின்றன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுழற்றி, நடுவில் கருவி நுழையும் பள்ளங்கள் உள்ள பகுதியைக் கவனியுங்கள். அந்தப் பகுதியும் பல்சக்கரங்களோடு சேர்ந்து சுழன்றால் அது லாக்ரிங். அதாவது உங்களுடையது கேசட். பல்சக்கரங்கள் மட்டும் சுழன்று, நடுப்பகுதி அசையாமல் நின்றால் அது ஃப்ரீவீல். ஃப்ரீவீலில் உள்ளே இருக்கும் பல்லும் சுருளும் சேர்ந்தே கழன்று வரும். அதற்கு ஸ்பேசர் பிரச்சினையே கிடையாது, ஆகவே இந்தக் கட்டுரையும் தேவைப்படாது.

தேவையான கருவிகள்

லாக்ரிங்கின் பள்ளங்களில் பொருந்தும் லாக்ரிங் கருவி ஒன்று, அதைத் திருப்ப நீளமான ஸ்பேனர் ஒன்று, கழற்றும்போது பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தச் செயின் விப் ஒன்று ஆகியவை கட்டாயம் வேண்டும். செயின் விப் என்பது ஒரு பட்டையின் முனையில் பழைய செயின் துண்டைப் பூட்டியதுதான். இருப்பதை வைத்து வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. லாக்ரிங் கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தளர்வாகப் பொருந்தும் மலிவான கருவி ஒருமுறை வழுக்கினாலே லாக்ரிங்கின் பள்ளங்கள் மழுங்கிவிடும். இவற்றோடு ஒரு வெர்னியர் காலிப்பர், கொஞ்சம் கிரீஸ், பழைய துணி, பல் துலக்கும் பழைய பிரஷ், மண்ணெண்ணெய் அல்லது டீசல். காலிப்பர் இல்லாமலும் வேலை நடக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. 1 மி.மீ. வளையத்தையும் 1.85 மி.மீ. வளையத்தையும் கையில் வாங்கி எது எது என்று ஒருமுறை குழம்பியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பழைய கேசட்டைக் கழற்றுதல்

சக்கரத்தை வண்டியிலிருந்து எடுத்து, நடுவில் உள்ள குயிக் ரிலீஸ் கம்பியை உருவிவிடுங்கள். கியர் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, செயின் விப்பை நடுத்தர அளவுள்ள ஒரு பல்சக்கரத்தில் சுற்றி வலது கையில் பிடித்து, அது இடப்பக்கமாகச் சுழலாதபடி நிறுத்திக்கொள்ளுங்கள். இடது கையில் ஸ்பேனரைப் பிடித்து லாக்ரிங்கை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். இரண்டு கைகளும் கீழ்நோக்கி அழுத்தும்படி அமைத்துக்கொண்டால் உடல் எடையே வேலை செய்யும். 'டக்' என்ற சத்தத்தோடு அது விடும்போது விரல்கள் பல்சக்கரத்தின் மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரீஸ் படிந்த பல்லில் கை கிழிந்தால் ஆற நாளாகும்.

கழன்று வரும் பல்சக்கரங்களை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ஆரங்களை (ஸ்போக்ஸ் கம்பிகளை) ஒட்டி, ஏற்கெனவே ஒரு மெல்லிய வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அழுக்கோடு அழுக்காக ஒட்டிக்கொண்டு அது ஹப்பின் ஒரு பகுதிபோலவே தோன்றும். நகத்தால் சுரண்டினால்தான் தெரியும். இந்த வளையத்தைக் கவனிக்காமல் இன்னொன்றைப் போட்டுவிடுவது நான் பார்த்ததிலேயே மிகவும் அடிக்கடி நடக்கும் தவறு. ஆரங்களில் கவ்வி நிற்கும் பிளாஸ்டிக் தட்டு வேறு விஷயம். செயின் தப்பி ஆரங்களுக்குள் விழாமல் காப்பதுதான் அதன் வேலை, அதை ஸ்பேசராக எண்ணக் கூடாது.

சில சமயம் லாக்ரிங் கழன்ற பிறகும் பல்சக்கரங்கள் வெளியே வர மறுக்கும். கேசட் உட்காரும் உருளையை ஃப்ரீஹப் பாடி என்பார்கள். அது அலுமினியமாக இருந்தால், எஃகுப் பல்சக்கரங்கள் மிதியின் அழுத்தத்தால் அதன் மேல் நீளவாக்கில் ஓடும் வரிகளைக் கொத்தி உள்ளே பதிந்துவிடும். தேவனாம்பட்டினத்தின் உப்புக் காற்றில் நின்ற வண்டி என்றால், எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இரண்டையும் ஒட்ட வைத்தும்விடும். அப்போது இரண்டு செயின் விப்களைப் பயன்படுத்தி, பெரிய பல்சக்கரத்தை ஒன்றால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சிக்கிய தனிப் பல்சக்கரத்தை மற்றொன்றால் இடஞ்சுழியாகச் சற்றே திருப்பினால் பதிவிலிருந்து விடுபடும். சுத்தியலால் பல்லின் மேல் அடிப்பது கூடாது.

ஹப்பை அளத்தல்: வேலையின் உயிர்நாடி

பாடியைத் துடைத்து, பின்பக்கம் கேசட் போய் நிற்கும் விளிம்பிலிருந்து வெளி முனை வரை காலிப்பரால் அளந்து பாருங்கள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் ஹெச்.ஜி. வகை வரிகளைக் கொண்ட பாடி இன்று பெரும்பாலும் இரண்டு நீளங்களில் கிடைக்கிறது. 8, 9, 10 ஸ்பீடுகளுக்கு உரியது ஏறத்தாழ 34.9 மி.மீ. நீளம் இருக்கும். 2012-இல் ஷிமானோ சாலை வண்டிகளுக்கு 11 ஸ்பீடைக் கொண்டுவந்தபோது, கூடுதல் பல்சக்கரத்துக்கு இடம் வேண்டி அதே வரிகளை வைத்துக்கொண்டே நீளத்தை ஏறத்தாழ 36.75 மி.மீ. ஆக்கியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த 1.85 மி.மீ. வரிகளின் அமைப்பு ஒன்றே என்பதால் பழைய கேசட் புதிய பாடியில் தடையின்றி நுழைந்துவிடும். அதனால்தான் ஸ்பேசர் இல்லாமலே மாட்டிவிட்டு, 'பொருந்திவிட்டது' என்று நம்பிவிடுகிறோம். இப்போது விற்கும் சாலைச் சக்கரங்களிலும், வீட்டுக்குள் ஓட்டும் ட்ரெய்னர்களிலும் நீளமான பாடிதான் பெரும்பாலும் வருகிறது.

வரிகளின் அமைப்பே வேறாக இருந்தால் எந்த ஸ்பேசரும் உதவாது. மலை வண்டிகளுக்கான ஷிமானோ 12 ஸ்பீடின் மைக்ரோ ஸ்பிளைன், ஸ்ராமின் எக்ஸ்.டி., கம்பாக்னோலோவின் பாடி ஆகியவை தனித் தனி இனங்கள். இவற்றுள் எக்ஸ்.டி.க்கும் அதன் சாலை வடிவமான எக்ஸ்.டி.ஆருக்கும் இடையே மட்டும் அதே 1.85 மி.மீ. கணக்கு நிற்கிறது, நீளமான எக்ஸ்.டி.ஆர். பாடியில் எக்ஸ்.டி. கேசட்டைப் போட அந்த அளவு ஸ்பேசர் வேண்டும்.

எந்தக் கேசட்டுக்கு எது?

8 அல்லது 9 ஸ்பீடு கேசட்டைச் சிறிய பாடியில் மாட்டினால் ஸ்பேசர் எதுவும் தேவையில்லை. 11 ஸ்பீடு பாடியில் மாட்டினால் 1.85 மி.மீ. ஸ்பேசர் ஒன்று வேண்டும். என் வண்டியில் விடுபட்டது இதுதான்.

7 ஸ்பீடு கேசட் இவற்றைவிடக் குட்டையானது. அதைச் சிறிய பாடியில் மாட்ட 4.5 மி.மீ. ஸ்பேசரும், 11 ஸ்பீடு பாடியில் மாட்ட அதோடு 1.85 மி.மீ. சேர்த்து மொத்தம் 6.35 மி.மீ. அளவும் தேவைப்படும். பழைய வண்டிக்கு ஒழுங்கான சக்கரம் போட விரும்புபவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்தால் கேசட், கியர் நெம்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

10 ஸ்பீடில்தான் நிதானம் தேவை. ஷிமானோவின் பல 10 ஸ்பீடு சாலைக் கேசட்டுகளுடன் பெட்டியிலேயே 1 மி.மீ. வளையம் ஒன்று வரும். 8, 9, 10 ஸ்பீடு பாடியிலேயே அதைப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். அதே கேசட்டை 11 ஸ்பீடு பாடியில் மாட்டும்போது 1.85 மி.மீ. வளையம், 1 மி.மீ. வளையம் இரண்டும் சேர்ந்து 2.85 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் மலை வண்டிகளுக்கான ஷிமானோ 10 ஸ்பீடு கேசட்டுகளுக்கும் ஸ்ராமின் 10 ஸ்பீடு கேசட்டுகளுக்கும் அந்த 1 மி.மீ. வளையம் தேவையில்லை. ஆகவே "10 ஸ்பீடா? ஒரு வாஷர் போடு" என்று பொத்தாம்பொதுவாகச் செய்யக் கூடாது, கேசட்டில் பொறித்துள்ள மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். பழைய கேசட்டை யாரிடமாவது வாங்கினால், பெட்டியோடு வந்த வளையத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

11 ஸ்பீடு சாலைக் கேசட்டை 11 ஸ்பீடு பாடியில் வெறுமனே மாட்டலாம். சிறிய பாடியில் அது அடங்காது. கடைசிப் பல்சக்கரம் வெளியே தொங்கி, லாக்ரிங்குக்கு மரை போதாமல் போகும். பெரிய பல்சக்கரத்தின் பின்புறத்தைக் கடைந்து குறைத்து மாட்டுபவர்கள் உண்டு என்றாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் நேர்வழி ஒன்று இருக்கிறது. 11-லிருந்து 34 பல் வரை உள்ள ஹெச்.ஜி. 800 போன்ற கேசட்டுகளிலும், மலை வண்டிகளுக்கான ஷிமானோ 11 ஸ்பீடு கேசட்டுகளிலும் பெரிய பல்சக்கரம் பின்புறமாகக் குழிந்து ஹப்பின் விளிம்புக்கு மேல் சாய்ந்து நிற்பதால், அவை சிறிய பாடியிலேயே அடங்கிவிடும். செஞ்சிப் பக்கம் மேடேற விரும்புபவருக்கு 34 பல் கூடுதல் ஆதாயம். இவற்றை நீளமான 11 ஸ்பீடு சாலைப் பாடியில் மாட்டினால், பெயரில் 11 இருந்தபோதிலும், 1.85 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம். ஷிமானோவின் 12 ஸ்பீடு சாலைக் கேசட்டுகள் 11 ஸ்பீடு சாலைப் பாடியில் ஸ்பேசர் இன்றிப் பொருந்தும்.

ஸ்பேசர் கிடைக்காதபோது என்ன செய்வது என்ற கேள்வி நம் பக்கத்தில் உண்மையானது. இரும்புக் கடை வாஷர்களை அடுக்குவதும், பி.வி.சி. குழாயை வெட்டி வளையமாக்குவதும் வேண்டாம். குழாய் அழுத்தத்தில் நசுங்கி, சில நாளில் மீண்டும் அதே ஆட்டம் வரும். லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்குவதில் தவறில்லை, ஆனால் அசல் வளையம் ஒன்றை மாதிரியாகக் கொடுங்கள், முடிந்ததும் சுற்றிலும் நான்கு இடங்களில் தடிமனை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 1.9, மறுபக்கம் 1.7 என்று வந்தால் கேசட் சாய்ந்து உட்காரும்.

பொருத்துதல்

பாடியின் வரிகளில் எஃகு கொத்திய பிசிறுகள் இருந்தால் மெல்லிய தட்டை அரத்தால் பிசிறை மட்டும் எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, வரிகளின் மேல் கிரீஸை விரலால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வாழும் நமக்கு இந்தப் படலம் அடுத்த முறை சுத்தியல் தேடாமல் இருப்பதற்கான வழி. லாக்ரிங்கின் மரைக்கும் ஒரு துளி போதும். அப்பி வைத்தால் கடற்கரை மணல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ஸ்பேசர். அது எப்போதும் எல்லாப் பல்சக்கரங்களுக்கும் பின்னால், ஹப்பின் விளிம்பை ஒட்டியே போக வேண்டும். லாக்ரிங்குக்கு அடியில் அல்ல. அதன் மேல் கேசட். பாடியின் வரிகளில் ஒன்று மற்றவற்றைவிடக் குறுகலானது. பல்சக்கரங்களின் உட்புறத்திலும் அதற்கு இணையான குறுகிய பல் ஒன்று உண்டு. இரண்டையும் நேர்படுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். எழுத்துப் பொறித்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். தனியாக வரும் சிறிய பல்சக்கரங்களுக்கு இடையே மெல்லிய இடைவளையங்கள் உண்டு. 9 ஸ்பீடில் இவை ஏறத்தாழ 2.56 மி.மீ., 10 ஸ்பீடில் 2.35 மி.மீ. தடிமன். ஆகவே வேறு கேசட்டின் இடைவளையத்தைக் கலந்துவிட்டால் கியர் ஒழுங்காக விழாது. இந்த இடைவளையங்களும் பின்னால் போடும் ஸ்பேசரும் வெவ்வேறு வேலைக்கு உரியவை.

கடைசிச் சிறு பல்சக்கரத்தையும் வைத்தபின், லாக்ரிங்கைப் போடுவதற்கு முன் குனிந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பாடியின் வெளி முனை, சிறு பல்சக்கரத்தின் வெளி முகத்தைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்க வேண்டும். விரல் நகத்தைப் பல்சக்கரத்தின் முகத்திலிருந்து நடுவை நோக்கி இழுத்தால் அந்தப் படி நகத்தில் தட்டுப்படும். முனை சமமாகவோ வெளியே துருத்திக்கொண்டோ இருந்தால் ஸ்பேசர் போதவில்லை. லாக்ரிங் பாடியில்தான் முட்டும். மாறாக, சிறு பல்சக்கரம் வரிகளில் ஒழுங்காகப் பற்றாமல் கையால் சுழற்றினால் தனியே சுற்றுகிறது என்றால் ஸ்பேசர் அதிகம். இந்த ஒரு பார்வை எல்லா அட்டவணைகளையும்விட நம்பகமானது; மாடல் எண் அழிந்த கேசட்டுக்கும் இது பொருந்தும்.

லாக்ரிங்கைக் கையாலேயே சில சுற்றுகள் வலஞ்சுழியாகத் திருகுங்கள். தொடக்கத்திலேயே சிக்கினால் மரை குறுக்காக ஏறுகிறது. பின்வாங்கி மீண்டும் தொடங்குங்கள். 11 பல்லில் தொடங்கும் கேசட்டின் லாக்ரிங் 12 பல்லுக்கு உரியதைவிட விட்டத்தில் சிறியது என்பதால் கேசட்டோடு வந்ததையே பயன்படுத்த வேண்டும். பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். இறுக்கும்போது செயின் விப் தேவையில்லை, ஏனெனில் அந்தத் திசையில் ஹப்பே பிடித்துக்கொள்ளும். லாக்ரிங்கின் அடியில் உள்ள வரிகள் பல்சக்கரத்தின் மேல் உரசி 'கிர்ர், கிர்ர்' என்று ஒலிப்பது நல்ல அறிகுறி. அழுத்தம் பல்சக்கரத்தின் மேல் விழுகிறது என்பதற்கு அது சான்று. என் வண்டியில் அந்தச் சத்தம் வராமலே லாக்ரிங் திடீரென்று நின்றதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

ஷிமானோ சொல்லும் இறுக்கம் 30 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை. லாக்ரிங்குகள் பலவற்றின் மேல் 40 என்று பொறித்தே இருக்கும். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஏறத்தாழ 16 கிலோ எடை தொங்கும் அளவுக்கு அழுத்தினால் 40-க்கு அருகில் வரும். அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகியவர்களுக்கு அந்த அளவு கையிலேயே தெரியும்.

மாட்டிய பின்

பெரிய பல்சக்கரத்தையும் சிறியதையும் தனித் தனியாக அசைத்துப் பாருங்கள். பல்சக்கரங்கள் பாடியின் மேல் ஆடினால் ஸ்பேசர் கணக்கு தவறு. பாடியும் கேசட்டும் சேர்ந்து, ஹப்பிலிருந்தே லேசாக ஆடினால் அது ஹப்பின் பேரிங்கைப் பற்றிய வேறு பிரச்சினை. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கேசட்டைக் குறை சொல்கிறார்கள்.

சக்கரமோ ஹப்போ மாறியிருந்தால் பல்சக்கரங்கள் நிற்கும் இடம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியாவது நகர்ந்திருக்கும். ஆகவே பின் டிரெய்லரை, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவியை, சரிபார்க்காமல் சாலைக்குப் போக வேண்டாம். சிறிய பல்சக்கரத்தில் செயினை வைத்து, பின்னாலிருந்து பார்க்கையில் டிரெய்லரின் மேல் உருளை அந்தப் பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே நிற்கும்படி, டிரெய்லர் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் எல்லைத் திருகைச் சரிசெய்யுங்கள். அந்த நிலையில் செயின் ஃபிரேமை உரசவில்லை என்பதையும் பாருங்கள். பிறகு டிரெய்லரைக் கையால் உள்ளே தள்ளி, பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஆரங்களுக்குள் போகாதபடி மற்ற எல்லைத் திருகு நிறுத்துகிறதா என்று பாருங்கள். இதில் அலட்சியம் செய்தால் மேட்டில் டிரெய்லர் ஆரங்களில் சிக்கிச் சக்கரமே போய்விடும். இடையிலுள்ள கியர்களில் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், கேபிள் முனையில் உள்ள திருகைக் கால் சுற்று இடஞ்சுழியாகத் திருப்பி மீண்டும் முயலுங்கள்.

முதல் 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, அதாவது கடலூர், புதுச்சேரி ஒரு முறை போய் வந்த பிறகு, லாக்ரிங் கருவியை வைத்து ஒருமுறை இறுக்கம் பாருங்கள். நான் என்னுடையதைப் பார்த்தபோது அது அசையவில்லை. கடக் சத்தமும் இல்லை. மிஞ்சிய 1 மி.மீ. வளையத்தைத் தடிமன் எழுதிய காகிதத்தோடு ஒரு சிறு பையில் போட்டு, கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.